திரைச்சீலை துவைக்காத பெருநாள்

2013 ஜூலை 15 அன்று டாக்காவின் சர்வதேசக் குற்றங்கள் தீர்ப்பாயம் ஜமாஅத்தே இஸ்லாமியின் முன்னாள் தலைவர் குலாம் ஆஸம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதில் ஐந்தாவது குற்றச்சாட்டு பிராமன்பாரியா சிறையைப் பற்றியது. 1971இல் அந்தச் சிறையில் கிடந்தவர்களில் 38 பேரை ஓர் இரவில் பைர்தலா என்ற இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். குற்றச்சாட்டின் வாசகப்படி அந்த இரவு நவம்பர் 21. நோன்புப் பெருநாள் இரவு. ஆனால் டாக்காவில் வாழ்ந்த எழுத்தாளர் ஜஹானாரா இமாமின் நாட்குறிப்பு நூலில் அந்த ஆண்டின் பெருநாள் நவம்பர் 20, சனிக்கிழமை.

இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடிக்கிறது. வங்கதேசம் பிறப்பதற்கு நான்கு வாரம் முன்பு, ஊரெல்லாம் இழவு விழுந்திருந்த நேரத்தில் வந்த பெருநாள் அது. அன்றைக்கு மக்கள் என்ன சமைத்தார்கள், என்ன உடுத்தினார்கள், தொழப் போனார்களா என்று தேடப் புறப்பட்டவனுக்கு முதலில் தேதியே கையில் நிற்கவில்லை. தேதி உறுதிப்படாமல் மற்ற ஆவணங்களைத் தொடுவதில் பொருளில்லை என்பதால் வானத்திலிருந்து தொடங்கினேன்.

பெருநாளைத் தீர்மானிப்பது பிறை. பிறை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதை ஐம்பது ஆண்டு கழித்தும் கணக்கிட்டுவிடலாம். 1971 நவம்பரில் அமாவாசை முற்றுப்பெற்றது, டாக்கா நேரப்படி 18ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால். அன்று சூரியன் மறையும்போது நிலவின் வயது ஒன்பதரை மணி நேரம்தான். அவ்வளவு இளம்பிறையை வெறுங்கண்ணால் யாரும் பார்க்க முடியாது. மறுநாள் 19ஆம் தேதி மாலையில் அதன் வயது 33 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. வானம் தெளிவாக இருந்தால் சிறுவர்கூடக் கண்டிருப்பார்கள். ஆகவே ரமலானை அடுத்த ஷவ்வால் மாதத்தின் முதல் நாள், அதாவது பெருநாள், நவம்பர் 20. நாட்குறிப்பின் தேதியும் கிழமையும் சரி.

இதே கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் ரமலானின் தொடக்கமும் கிடைக்கிறது. அக்டோபர் அமாவாசை 19ஆம் தேதி பிற்பகலில் நிகழ்ந்தது. 20ஆம் தேதி மாலை பிறை. 21 முதல் நோன்பு. அதாவது அந்த ஆண்டு முப்பது நோன்பும் முழுசாக நிறைந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த அக்டோபர் அமாவாசைதான் தீபாவளி அமாவாசை. வங்கத்தில் காளி பூசைக்கு உரிய இருட்டு. ஒரே அமாவாசை ஒரு பக்கம் இந்துக்களின் காளி பூசையையும் மறுபக்கம் முஸ்லிம்களின் நோன்பையும் கொண்டுவந்திருக்கிறது. இந்தத் தகவல் பின்னால் எனக்கு உதவியது.

அப்படியானால் குற்றச்சாட்டின் 21 எப்படி வந்தது? இரண்டு வழிகளை யோசிக்கலாம். கைதிகளைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது பெருநாள் இரவில். சுட்டது நள்ளிரவுக்குப் பிறகு என்றால், ஆங்கிலக் கணக்கில் தேதி 21 ஆகிவிடும். அல்லது, நாற்பது ஆண்டு கழித்துக் கூண்டில் ஏறிய சாட்சிகளுக்குப் பெருநாள் நினைவிருந்து, எண் மட்டும் பின்னால் ஒட்டவைக்கப்பட்டிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். இப்படிப்பட்ட சாட்சியத்தில் நம்பத்தக்க முளை பெருநாள். தேதி அதில் கட்டிய கயிறு. தன் வீட்டு ஆண்களைப் பறிகொடுத்த ஒரு குடும்பம், அது பெருநாளா அடுத்த நாளா என்பதில் தடுமாறாது.

கொல்லப்பட்டவர்களில் டாக்காவின் ஒரு காவல் நிலையத்தைச் சேர்ந்த தாரோகா, அதாவது உதவி ஆய்வாளர், ஒருவரும் பதின்வயதைத் தாண்டாத அவருடைய மகனும் இருந்தார்கள். எல்லையைக் கடந்து இந்தியாவுக்குப் போக முயன்றபோது கஸ்பா வட்டாரத்துச் சோதனைச் சாவடி ஒன்றில் பிடிபட்டது அக்டோபர் 27 அன்று. மேலே போட்ட கணக்கின்படி அது ஏழாம் நோன்பு. மீதி நோன்பெல்லாம் தகப்பனுக்கும் மகனுக்கும் காவலில் கழிந்திருக்கிறது. பிறைக் கணக்கை வழக்கின் தேதிகளோடு பொருத்தும்வரை இது எனக்கு உறைக்கவில்லை. ஆவணத்தில் வெறும் தேதியாக இருந்தது நோன்பு எண்ணாக மாறியவுடன் வேறொன்றாகிவிடுகிறது. சஹருக்கு, அதாவது விடியலுக்கு முந்தைய உணவுக்கு, யார் எழுப்பினார்கள், மாலையில் எதைக் கொண்டு நோன்பு திறந்தார்கள் என்ற கேள்விகள் தாமாகவே முன்னால் வந்து நிற்கின்றன.

இனி, அன்றைய நாளின் புழக்கத்தைத் தேட வேண்டும். முறைப்படி முதலில் போக வேண்டிய இடம் டாக்கா நாளிதழ்கள். ஆனால் 1971இன் டாக்கா நாளிதழை எடுத்த எடுப்பில் நம்ப முடியாது. மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் நகரத்தின்மேல் பாய்ந்தபோது பத்திரிகை அலுவலகங்களும் எரிந்தன. இத்தெபாக் எரிந்து, மே மாதத்தில் மறுபடி வெளிவந்தது. சங்பாத் எரிந்தபின் விடுதலை வரை வெளிவரவே இல்லை. வெளிவந்தவை எல்லாம் தணிக்கையின் கைக்குள் வெளிவந்தவை. நகரில் வாழ்க்கை வழக்கம்போல நடக்கிறது என்று காட்டுவதே அன்றைய அரசின் கொள்கை. எனவே அந்தத் தாள்களில் பெருநாள் வழக்கம்போல நடந்தது என்று இருந்தால், அதை அரசு சொல்ல விரும்பியதன் சான்றாகத்தான் எடுக்க வேண்டும்; ஊரில் நடந்ததன் சான்றாக அல்ல. வழக்கம்போல இல்லை என்பதற்குத் தனிச் சான்று உண்டு. நவம்பர் 17 அன்று டாக்காவில் திடீரென்று ஊரடங்கு போட்டு வீடு வீடாகச் சோதனை நடத்தினார்கள். அது இருபத்தெட்டாம் நோன்பு. பெருநாள் துணி வாங்கவும் சேமியா வாங்கவும் கடைத்தெரு நெரியவேண்டிய நாள்.

மறுபக்கத்தின் குரலைக் கேட்கக் கல்கத்தாவுக்குத் திரும்பவேண்டும். தியேட்டர் ரோடு 8ஆம் எண் கட்டடத்திலிருந்து இயங்கிய, நாடுகடந்த வங்கதேச அரசான முஜிப்நகர் அரசின் பிரதமர் தாஜுத்தீன் அகமத் அந்தப் பெருநாளுக்கு ஒரு செய்தி விடுத்தார். பண்டிகைச் செய்திகளை ஆய்வாளர்கள் பொதுவாகப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாத் தலைவர்களும் எல்லா ஆண்டும் ஒன்றையே சொல்வார்கள் என்ற எண்ணம். இதை அப்படிப் புரட்ட முடியாது. வாழ்த்துக்குப் பதிலாக அது நாட்டின் நிலையைக் கணக்கெடுக்கிறது. எதிரியின் பிடியில் இருக்கும் பகுதி ஒன்று. ஊரைவிட்டு ஓடிய அகதிகள் ஒன்று. விடுவிக்கப்பட்ட பகுதி ஒன்று. மகிழ்ச்சி இந்தப் பெருநாளிலிருந்து அழிந்துபோயிற்று, உறவினரை இழந்த துக்கமும் போராடும் உறுதியும்தான் எஞ்சியிருக்கின்றன என்ற பொருளில் அது செல்கிறது. சொன்னவரின் நிலையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நாடு விடுதலை அடையும்வரை குடும்ப வாழ்க்கை இல்லை என்று உறுதி பூண்டு, மனைவி மக்கள் அதே நகரத்தில் வேறிடத்தில் இருக்க, அலுவலக அறையிலேயே படுத்துறங்கியவர் தாஜுத்தீன். அவர் எழுதிய துக்கம் சடங்குக்கு எழுதியது அல்ல என்று கொள்ள இதுவே போதும்.

அந்தச் செய்தி காட்டும் மூன்று நிலங்களையும் வரிசையாகத் தேடுவது என்று வைத்துக்கொண்டேன்.

அகதி முகாம்களில் ஏராளமாகக் கிடைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டிய ஆண்டு அது. ஆனால் இந்திய அரசின் கணக்கே இந்த எதிர்பார்ப்பைத் திருத்துகிறது. வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இந்துக்கள். இராணுவத்தின் வேட்டை அவர்கள்மேல் தனிக் குறியோடு திரும்பியிருந்தது. அந்த முகாம்களின் பருவத்தைப் பெருநாளை வைத்து மட்டும் அளந்தால் கணக்குத் தப்பும். அங்கே பெரும்பாலானவர்களுக்கு முதலில் வந்தது விளக்கேற்ற வீடில்லாத காளி பூசை. அமாவாசைக் கணக்கை இங்கேதான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். காளி பூசையின் இருட்டிலிருந்து ஷவ்வால் பிறை வரை ஏறக்குறைய ஒரு மாதம். இரண்டு சமூகங்களின் பண்டிகையும் துக்கத்துக்குள் விழுந்த ஒரே மாதம். தாஜுத்தீனின் பெருநாள் செய்தி அகதிகள் என்று சொல்லும்போது, முஸ்லிம் பண்டிகையை முன்னிட்டு அவர் பேசுவது பெரும்பாலும் இந்துக்களைப் பற்றி. இதை நான் அந்தச் செய்தியின் மிகக் கனமான பகுதியாக மதிக்கிறேன்.

விடுவிக்கப்பட்ட பகுதியை ஒட்டிய போர்முனையில் சான்று சுருக்கமாகவும் கறாராகவும் இருக்கிறது. வடக்கே குரிகிராம் பகுதியில், ராய்கஞ்சில் நடந்த சண்டையில், நவம்பர் 20 அன்று லெப்டினன்ட் அஷ்பாக்குஸ் சமத் இறந்தார். வயது 22. பின்னர் அவருக்கு நாட்டின் இரண்டாவது பெரிய வீர விருதான பீர் உத்தம் அளிக்கப்பட்டது. அவரை அடக்கம் செய்தது ஜய்மனிர்ஹாட்டில், பள்ளிவாசலை ஒட்டி. தெற்கே அன்றிரவு இந்தியப் படையின் ஒரு பட்டாலியன் டாங்கிகளோடு கரீப்பூருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பெருநாள் என்பதற்காக எந்தத் தரப்பும் துப்பாக்கியை இறக்கிவைக்கவில்லை.

இந்த நிலங்களின் எல்லைகளைத் தாண்டிச் செல்லக்கூடியதாக இருந்தது வானொலி ஒன்றுதான். சட்டகிராமத்துக் காலூர்காட்டில் தொடங்கிய சுதந்திர வங்காள வானொலி, மே 25 முதல் கல்கத்தாவிலிருந்து ஒலித்தது. பெருநாளையொட்டி அது ஒலிபரப்பிய பாடல் ஒன்று உண்டு. எழுதியவர் ஷஹீதுல் இஸ்லாம், இசை அஜித் ராய். எல்லாப் பெருநாள் பாட்டும் பிறையை வரவேற்கும். இது பிறையைத் திரும்பிப் போகச் சொல்கிறது. நோன்புப் பெருநாள் பாட்டுக்கு ஓர் இந்து இசையமைப்பாளர் மெட்டுப் போட்டிருக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். டாக்காவில் இந்த வானொலியை வைத்துக் கேட்பது ஆபத்து. கதவைச் சாத்தி, ஒலியைக் குறைத்து, காதை ஒட்டவைத்துக் கேட்டவர்கள்தான் அதிகம்.

எஞ்சியது பிடிபட்ட நிலம். அதாவது டாக்காவின் வீடுகளுக்குள் அந்தச் சனிக்கிழமை. இங்கேதான் ஜஹானாரா இமாமின் ‘ஏகாத்தோரேர் தின்குலி’க்கு வருகிறோம், எழுபத்தொன்றின் நாள்கள் என்று அதற்குப் பொருள். எலிபண்ட் ரோட்டில் ‘கணிகா’ என்ற வீடு. ஆகஸ்ட் 29 இரவு இராணுவம் அங்கே புகுந்து அவருடைய மூத்த மகன் ரூமியையும், கணவர் ஷரீபையும், இளைய மகன் ஜாமியையும் பிடித்துக்கொண்டு போனது. கணவரும் இளையவரும் அடிபட்டுத் திரும்பினார்கள். கெரில்லாவான ரூமி திரும்பவில்லை.

பெருநாள் அன்றைய குறிப்பில் அவர் எழுதுவது பெரும்பாலும் நடக்காதவற்றை. யாருக்கும் புதுத்துணி எடுக்கவில்லை. திரைச்சீலைகள் துவைக்கப்படவில்லை. வீட்டு ஒட்டடை அடிக்கப்படவில்லை. கூடத்து மேசையில் அத்தர் வைக்கவில்லை. கணவரும் மகனும் பெருநாள் தொழுகைக்குப் போகவில்லை.

தேடிக்கொண்டிருந்த அன்றாட வாழ்க்கை இந்த இல்லைகளுக்குள் முழுசாக இருந்தது. எந்த மகிழ்ச்சியான ஆண்டிலும் திரைச்சீலை துவைத்தோம் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அது எழுதத்தக்க செய்தியே அல்ல. துவைக்காதபோதுதான் ஏட்டில் ஏறுகிறது. அவர் எழுதிய ஒவ்வோர் இல்லையையும் திருப்பிப் போட்டால், போருக்கு முந்தைய டாக்காவில் நடுத்தர வர்க்க முஸ்லிம் வீடு ஒன்று பெருநாளுக்கு எப்படித் தயாரானது என்பது வரிசையாகக் கிடைக்கிறது: சலவை, ஒட்டடை, தையற்காரரிடமிருந்து வரும் துணி, வருகிறவர்கள் பூசிக்கொள்ள மேசைமேல் அத்தர், ஆண்கள் ஈத்காவுக்குக் கிளம்பும் காலை. ஆண்கள் தொழப் போகாததை நான் வெறும் துக்கமாக வாசிக்கவில்லை. எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று காட்டத் துடித்த ஆட்சியில் அந்த வரிசையில் போய் நிற்க மறுத்ததாகவே வாசிக்கிறேன்.

அதே குறிப்பு அங்கே நிற்கவில்லை. காலையில் எழுந்து அவர் சேமியா காய்ச்சுகிறார். ஜர்தா என்னும் இனிப்புச் சோறு கிண்டுகிறார். புலாவும் குருமாவும் கபாபும் செய்கிறார். வீட்டார் உண்பதற்காக அல்ல. ரூமியோடு இருந்த கெரில்லாப் பையன்களில் யாராவது ஒருவன் கதவைத் தட்டினால் பரிமாறுவதற்காக. வருகிறவனுடைய சட்டையில் தடவ ஒரு சிறு புட்டி அத்தரையும் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்.

அத்தர் இந்தக் குறிப்பில் இரண்டு முறை வருகிறது: முதலில் மேசையில் இல்லாததாக, பிறகு மறைவில் இருப்பதாக. நூல் அச்சானது 1986இல். சம்பவத்துக்கும் அதற்கும் 15 ஆண்டு இடைவெளி. பின்னால் நினைவிலிருந்து மெருகேற்றிய பகுதியாக இருக்கக்கூடாதா என்ற ஐயம் நியாயமானது. பிறையும் கிழமையும் பொருந்துவது ஐயத்தைப் பாதிதான் தீர்க்கும். பழைய நாட்காட்டியைப் பார்த்து யாரும் அதைச் சரிசெய்துவிடலாம். அந்த அத்தர்தான் என்னை நம்பவைத்தது. துக்கத்தைக் காட்டவேண்டும் என்று பின்னால் எழுதுகிறவர் இல்லைகளோடு நிறுத்திக்கொள்வார். அது முழுமையான துக்கச் சித்திரம். ஒரே பொருளை மேசையிலிருந்து எடுத்துவிட்டு மறைவில் வாங்கி வைத்ததையும் எழுதுவது, அந்த நாளின் குழப்பத்துக்குள் இருந்த ஒருத்தியின் கைவேலை. தன் மகனுக்காக வீட்டில் பண்டிகையை நிறுத்தினார். மற்ற வீட்டு மகன்களுக்காக அடுப்படியில் அதை நடத்தினார்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி மிஞ்சியது. திரைச்சீலை துவைத்த பெருநாள், துவைக்காததன் அளவுகோலாக அந்த வீட்டுக்கு நினைவிருந்த பெருநாள், எந்த ஆண்டினுடையது? முந்தைய ஆண்டு என்று எடுத்துக்கொள்ளத்தான் தோன்றும். அதையும் பிறையில் வைத்துப் பார்த்தேன்.

1970இல் அமாவாசை அக்டோபர் 30 நண்பகலில். 31 மாலை பிறை, நவம்பர் 1 முதல் நோன்பு. அந்தக் கணக்கில் நவம்பர் 12 பன்னிரண்டாம் நோன்பு. அந்தத் தேதியைத் தெற்கு வங்கக் கரையில் யாரும் மறப்பதில்லை. அன்று நள்ளிரவை ஒட்டித்தான் போலா தீவின்மேலும் சுற்றியிருந்த திட்டுகளின்மேலும் புயல் கடலை ஏற்றியது. பௌர்ணமி மறுநாள் பிற்பகலில். ரமலான் பாதியை எட்டும்போது நிலவு நிறையும், நிலவு நிறையும்போது கடல் ஏறும். அந்த ஏற்றத்தின் உச்சியில் புயல் அலை சேர்ந்துகொண்டது. நேரத்தையும் பார்த்தால், நோன்பு திறந்து, இரவுத் தொழுகை முடித்து, சஹருக்கு எழுவதற்கு முன் எல்லாரும் கண்ணயர்ந்திருக்கும் வேளை.

டாக்காவின் காலரா ஆய்வகத்தைச் சேர்ந்த சாமரும் மோஸ்லியும் புயலுக்குப் பின் களத்தில் இறங்கிக் கணக்கெடுத்தார்கள். 1972இல் லான்செட் இதழில் அது வெளியானது. இறந்தவர்கள் குறைந்தபட்சம் 2,24,000 பேர். கணக்கெடுத்த பகுதியின் மக்களில் 16.5 சதவீதம். தஜுமுத்தீன் தானாவில், அதாவது ஒரு காவல் நிலைய எல்லைக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவில், ஏறக்குறைய பாதிப்பேர். செத்தவர்களில் பாதிக்கு மேல் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பிழைத்தவர்களின் கைகளிலும் மார்பிலும் உள்தொடையிலும் ஒரே மாதிரியான சிராய்ப்பைக் கண்டார்கள். இரவு முழுக்க மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்ததன் தழும்பு அது.

அந்த நோன்பு முடிந்து பெருநாள் வந்தது, பிறைக் கணக்குப்படி டிசம்பர் 1இல். புயல் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம், டிசம்பர் 7 அன்று, பாகிஸ்தான் பொதுத்தேர்தல். பாதிக்கப்பட்ட கரையோரத் தொகுதிகளில் மட்டும் அது ஜனவரிக்குத் தள்ளிப்போனது. நிவாரணத்தில் மத்திய அரசு காட்டிய மெத்தனம் கிழக்கு வங்கத்தைக் கொதிக்கவைத்திருந்தது. அங்கிருந்த 162 பொது இடங்களில் தாஜுத்தீனின் கட்சியான அவாமி லீக் 160ஐ வென்றது. அந்த முடிவை இராணுவ ஆட்சி ஏற்க மறுத்ததில்தான் மார்ச் 25 பிறந்தது. ஆக 1971இன் பெருநாள் முதல் துக்கப் பெருநாள் அல்ல. கரையோர மக்களுக்கு அது அடுத்தடுத்து வந்த இரண்டாவது. கணிகா வீட்டுத் திரைச்சீலைக்கு அளவுகோல் தேடினால், நாடு முழுதும் மனம் நிறைந்து கொண்டாடிய கடைசி நோன்புப் பெருநாளாக 1969இனுடையதைத்தான் சொல்லமுடியும்.

சாமரும் மோஸ்லியும் தங்கள் எண்ணைக் குறைந்தபட்சம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிழைத்தவர்களிடம் கேட்டு எடுத்த கணக்கு அது. ஒருவர்கூட மிஞ்சாமல் போன குடும்பத்துக்காகப் பதில் சொல்ல ஆளில்லை. இன்னொரு கூட்டமும் விடுபட்டது. நவம்பர் அங்கே ஆமன் என்னும் மழைக்கால நெல்லின் அறுவடைக்காலம். மற்ற மாவட்டங்களிலிருந்து கூலியாட்கள் திட்டுகளுக்கு வந்து, களத்திலேயே குடிசை போட்டுத் தங்கி அறுப்பார்கள். அவர்கள் அந்த ஊர்க் குடும்பம் எதிலும் சேராதவர்கள் என்பதால் எந்த வீட்டின் இழப்பிலும் ஏறவில்லை. அந்த ஆண்டு அறுவடையும் நோன்பும் ஒரே மாதத்தில் விழுந்தன. அறுத்த கூலிதான் பெருநாள் துணியாகவும் சேமியாவாகவும் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். எனவே அவர்களுடைய பெருநாளைப் போலாவில் தேடிப் பயனில்லை. அவர்கள் புறப்பட்டு வந்த உள்மாவட்டங்களில், 1970 டிசம்பர் முதல் வாரத்தின் வட்டாரப் பதிவுகளில், வேலைக்குப் போன ஆள் திரும்பவில்லை என்று யாராவது முறையிட்டிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். இப்போது அங்கேதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.